காஸியானின் தொலைநோக்கி

மாடுகள் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கிய வாரத்தில் வெண்டலின் தன் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் தபால் பேருந்து ஓட்டுகிறவன் நான். கடைசி நிறுத்தம் எங்கள் வீட்டு மூலையில்தான். மதியம் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற அளவுக்கு நேரம் கிடைக்கும்.

என் மனைவியின் பெயர் நோட்பூர்கா. பூர்கி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கீழே நகரத்தில் பல் வைத்தியக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை பழகியவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபின் எங்கள் பழைய மாட்டுக்கொட்டகையை வெள்ளையடித்து, இரண்டு லேத் இயந்திரங்களை வாங்கிப் போட்டு, பட்டறையாக்கிக்கொண்டாள். வேட்டைக்காரர்களும் குறிசுடும் சங்கத்துக்காரர்களும் அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். போருக்கு முன்னால் செய்த துப்பாக்கிகளில் பொருத்தியிருக்கும் பழைய தொலைநோக்கிகள்தான் அவள் கைக்கு அதிகம் வரும். அவற்றைச் செய்த கம்பெனிகள் மூடிப் பல காலமாகிவிட்டது. ஒரு திருகு தொலைந்தால்கூட எந்தக் கடையிலும் கிடைக்காது. அளந்து, கடைந்து, அரம் போட்டு அவள்தான் புதிதாகச் செய்து கொடுப்பாள்.

வெண்டலின் சாக்கைப் பிரித்தான். பூர்கி துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கைத்தான் பார்த்தாள்.

"துப்பாக்கிய இதுல கொண்டு வர்ற. உருளைக்கிழங்க எதுல கொண்டு போவ, பீரோவுலயா?"

வெண்டலின் சிரித்தான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவன், பெரிய கைகள், அதிகம் பேசமாட்டான். அப்பா காஸியான் செத்து இரண்டு வருஷமாகிறது, பத்திரங்களெல்லாம் இப்போதுதான் தன் பெயருக்கு மாறியிருக்கின்றன என்றான். இந்த இலையுதிர் காலத்து மான் வேட்டைக்கு அப்பாவின் துப்பாக்கியோடுதான் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் மேலே உள்ள தொலைநோக்கியில் கண் வைக்கிற பக்கத்து வளையத்தைக் காணவில்லை, வில்லையும் அதோடு போய்விட்டது. துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற கொக்கிக் காலும் ஆடுகிறது.

"வளையம் எங்க போச்சு?" என்று பூர்கி கேட்டாள்.

"தெரியல. அப்பா இருந்த வரைக்கும் இருந்துச்சு. அம்மாவக் கேட்டா எனக்கென்ன தெரியும்னுட்டாங்க. நீ பழையபடி ஆக்கிக் குடுத்துடு. உள்ள எது உடைஞ்சிருந்தாலும் புதுசாப் போட்டுடு."

அவன் போனபின் பூர்கி, ஏன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாய் என்று என்னைக் கேட்டாள். சூடு ஆறட்டும் என்றேன். அந்தத் துப்பாக்கியின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பூர்கி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். முதலில் கொக்கிக் கால். அந்தக் காலத்துத் தொலைநோக்கிகளுக்கு அடியில் முன்னும் பின்னும் இரும்புக் கால்கள் இருக்கும். துப்பாக்கியின் முதுகில் உள்ள பள்ளத்தில் அவற்றை மாட்டி ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் இறுகிக்கொள்ளும். தாழ்ப்பாளை இழுத்தால் தொலைநோக்கிக் குழல் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் அரம் போட்டுப் பொருத்திய கால்கள் அவை. ஒன்றின் கால் இன்னொன்றில் ஏறாது.

மதியம் நான் வந்தபோது அவள் பின்னங்காலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கிக் குழாய்க்குள் புதுசு மாதிரி இருக்கிறது, தோட்டாக்கள் அதிகம் போனதே இல்லை என்றாள். ஆனால் கொக்கி, கோயில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. வேட்டைக்காரர்கள் வருஷத்துக்கு நாலைந்து முறைதான் குழலைக் கழற்றுவார்கள். இதை யாரோ தினமும் கழற்றித் தினமும் மாட்டியிருக்கிறார்கள்.

"உன் காஸியானுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

"பால் கறப்பாரு, புல்லு வெட்டுவாரு. எல்லாரும் செய்யறதுதான்" என்றேன்.

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த கேள்விக்கு முன்னால் நான் வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

கண் வளையம் செய்யத்தான் நாள் பிடித்தது. குழலின் வாயில் இருந்த திருகு மரை இப்போது யாரும் வெட்டாத அளவு. ஒரே சுற்றில் வளையம் நிறைய தூரம் நகர்வதற்காக ஒன்றுக்குள் ஒன்றாகப் பல மரைகளை வெட்டியிருந்தார்கள். மெழுகை அழுத்தி அச்செடுத்து, அதை அளந்து, முதலில் அலுமினியத்தில் ஒரு சோதனை வளையம் கடைந்தாள். பாதி போய் இறுகிக்கொண்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை ஏற்றியபோது, வெண்ணெயில் கத்தி போவது போலப் போகிறது என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பித்தளையை எடுத்து லேத்தில் மாட்டினாள். விரல் வழுக்காமல் இருக்க வெளிப்பக்கம் சொரசொரப்பாக வரி போட்டு, கறுப்பேற்றி, அடுப்படியில் ரொட்டித் துணிக்குப் பக்கத்தில் காயவைத்தாள். வீடு முழுக்க அமில வாடை. உடைந்த பைனாகுலர்களிலிருந்து எடுத்து வைத்திருந்த வில்லைகளில் பொருத்தமான ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். வில்லையைச் சுவருக்கு எதிரே பிடித்து, ஜன்னலின் பிம்பம் எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறது என்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுப்பாள். எங்கள் சமையலறைச் சுவரில் மலை தலைகீழாகத் தொங்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

அடுத்தது உள்பக்கம். இந்தத் தொலைநோக்கிகளுக்குள் நடுவில் ஒரு சின்ன வளையம் உண்டு. அதில் கீழிருந்து ஒரு கூர்மையான முள் மேல்நோக்கி நிற்கும், இரண்டு பக்கமும் இரண்டு கட்டைக் கம்பிகள் இருக்கும். முள்ளின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு போகும். பூர்கி அதைக் குறிமுள் என்பாள். அது வளைந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம் என்று நினைத்துத்தான் வளையத்தை வெளியே எடுத்தாள்.

முள் இல்லை. கம்பிகளும் இல்லை.

அன்று என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கம்பிகள் நின்ற இடங்களை யாரோ அரத்தால் பொறுமையாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். உடைந்து விழுந்திருந்தால் துண்டுகள் குழலுக்குள்ளேயே கிடக்கும். ஒரு துண்டுகூட இல்லை. தேய்த்த இடம் வளையத்தின் மற்ற பாகங்களைப் போலவே மங்கிப் போயிருந்ததால், அது பல காலத்துக்கு முன்னால் நடந்தது என்று பூர்கி சொன்னாள்.

"குறி வைக்கவே முடியாத குறிநோக்கி இது. இத எதுக்குத் தினமும் கழட்டி மாட்டணும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. எனக்கு மற்றதெல்லாம் தெரியும், முள் விஷயம் தெரியாது.

முள் செய்வது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. எஃகுக் கம்பியை மயிரிழை அளவுக்குத் தேய்த்து நுனி எடுப்பாள். அதைச் செய்து ஒரு தகர மூடியில் போட்டு வைத்துவிட்டு, பொருத்துவதற்கு முன்னால் வில்லைகள் தெளிவாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிடலாம் என்று முள் இல்லாமலே குழலைக் கூட்டினாள். பட்டறை ஜன்னல் வழியாக எதிர்மலையில் காஸர் சரிவு தெரியும். மேலே கற்பாறை, நடுவில் புல்வெளி, ஓரத்தில் வைக்கோல் போட்டுவைக்கும் ஒரு பழைய மரக்குடில். அதன் கூரை பாதி சரிந்து பல வருஷமாகிறது. அங்கே இப்போது யாரும் புல் வெட்டப் போவதில்லை. அந்தச் சரிவுக்கு நேர் எதிரே, ஆற்றின் எங்கள் கரையில்தான் காஸியானின் வீடு.

நான் உள்ளே நுழைந்தபோது அவள் குழலைக் கண்ணில் வைத்தபடியே பேசினாள்.

"அந்தக் குடில் கிட்ட யாரு?"

நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குக் குடிலே தீப்பெட்டி அளவுதான்.

"ஒரு ஆளு மண்டி போட்டிருக்கான். முதுகு நம்ம பக்கம். பழுப்புப் போர்வை மாதிரி ஏதோ போட்டிருக்கான். கீழ என்னத்தையோ வைக்கிறான்."

குழலை வாங்கிப் பார்த்தேன். குடில் இருந்தது, சரிந்த கூரை, மஞ்சளாகத் தொடங்கிய ஒற்றை மரம். வேறு யாரும் இல்லை. மறுபடி அவள் பார்த்தாள். போய்விட்டான் போலிருக்கிறது என்றாள், காளான் பொறுக்க வந்தவனாக இருக்கும். நான் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டேன்.

காஸியானுக்கு ஒரு தம்பி இருந்தான், ரோமெட். கல்லறைச் சிலுவையில் அவன் பாறையிலிருந்து சறுக்கி விழுந்து இறந்ததாக எழுதியிருக்கிறது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. மூடுபனி அடைத்திருந்த ஒரு அக்டோபர் விடியலில் அண்ணனும் தம்பியும் மான் வேட்டைக்குத் தனித்தனி வழியாகப் போயிருக்கிறார்கள். தம்பி பாறைக்கு அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும் என்று பேச்சு. ஆனால் அவன் குடிலுக்குப் பக்கத்தில் மான்கள் நக்குவதற்கு உப்புக்கட்டி வைக்கப் போயிருக்கிறான். பழுப்புக் கம்பளிப் போர்வையோடு மண்டியிட்டுக் குனிந்திருந்தவனை, காஸியான் பனிக்குள் வேறு எதுவாகவோ பார்த்துவிட்டார். தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து வைத்தியரும் பாதிரியாரும் சேர்ந்து, காஸியானுக்கு இளம் மனைவி இருக்கிறாள், அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லி, சறுக்கி விழுந்ததாக எழுதினார்கள். என் அப்பா சவப்பெட்டி தூக்கினவர்களில் ஒருவர். அவர் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். போர்வையும் உப்புக்கட்டியும்கூட அப்போது காதில் விழுந்தவைதான்.

பூர்கிக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது. அப்படியென்றால் அவள் பார்த்தது என்ன?

மறுநாளும் பார்த்தாள். நான் இல்லாதபோது. அதே இடம், அதே முதுகு என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். ரொட்டியை வெட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"கண்ண எடுத்துட்டு மறுபடி வச்சா ஆளக் காணோம். வின்ஸ், அங்க போறதுக்குப் பாதையே இல்லன்னு நீதான சொன்ன?"

ஆமாம் என்றேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் விழுந்த பனிச்சரிவு பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் அவள் தொலைநோக்கியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். முள்ளைப் பொருத்தவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை என் வண்டியில் வெண்டலினின் அம்மா பிலொமேனா ஏறினார். ஊரே அவரை மேனா அத்தை என்று கூப்பிடும். ஒல்லியான உடம்பு, எப்போதும் கறுப்புத் தலைத்துணி. சனிக்கிழமைகளில் கீழே சந்தைக்குப் போவார். அன்று மேல்நோக்கிப் போகிற வண்டியில் ஏறினார்.

"அத்தை, நான் மேல போறேன். கீழ போற வண்டி வர நேரமாகும்" என்றேன்.

"தெரியும். உன் வீட்டுக்குத்தான் வர்றேன்."

எனக்குப் பின் இருக்கையிலேயே உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், காஸர் சரிவு வருகிற வளைவில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் அந்த வளைவில் அவர் அப்படித்தான் திருப்பிக்கொள்வார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூர்கி அவருக்குக் காப்பி வைத்தாள். அவர் குடிக்கவில்லை. வந்த காரியத்தை நேராகச் சொன்னார். மகன் நேற்றுதான் சொன்னானாம், தொலைநோக்கி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று. அதைச் செய்யக் கூடாது. செய்ய முடியாது என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

"செஞ்சு முடிச்சுட்டேனே அத்தை" என்றாள் பூர்கி.

"அப்ப உடைச்சிடு. அந்த வளையத்தக் கழட்டி ஆத்துல போட்டதே நான்தான்."

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னார். நான் வாசலுக்குப் போகப் பார்த்தேன், இரு என்று கையைக் காட்டினார். உனக்குத் தெரியாததா என்பது போல என்னைப் பார்த்தார். பூர்கியும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கொஞ்ச நாள் சுமக்க வேண்டியிருந்தது.

ரோமெட் செத்தபின் காஸியான் ஒரு தரம்கூட வேட்டைக்குப் போகவில்லை. கண் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் துப்பாக்கியை விற்கவும் இல்லை. தினமும் காலையில், பால் கறந்து கை கழுவியதும், அலமாரியைத் திறந்து குழலை மட்டும் கழற்றிக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போவார். காஸர் சரிவைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு குழலைத் துப்பாக்கியில் மாட்டி, அலமாரியைப் பூட்டிவிட்டுக் கீழே வந்து காப்பி குடிப்பார். மழை நாள், பனி நாள், மகன் பிறந்த நாள், எதுவும் விதிவிலக்கில்லை. மேனா அத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அவரு அங்க என்ன பண்றாருன்னு எனக்குத் தெரியும்னு நெனைச்சேன். தினமும் குறி வைக்கிறாருன்னு நெனைச்சேன். தினமும் காலைல தம்பியச் சுட்டுட்டு இறங்கி வர்ற மனுஷனுக்குக் காப்பி ஊத்திக் குடுக்கறேன்னு நெனைச்சேன். முப்பது வருஷம் பூர்கி. ஒரே கட்டில்ல படுத்தேன். அவரு கை மேல பட்டா உடம்பு சில்லிட்டுப் போகும்."

காஸியானை அடக்கம் செய்த மறுநாள் மேனா அத்தையே அலமாரியைத் திறந்து குழலை எடுத்து, புருஷன் நின்ற அதே ஜன்னலில் நின்று பார்த்தாராம். குடிலுக்குப் பக்கத்தில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். பழுப்புப் போர்வை. கண்ணை எடுத்தபோது கை தன்னால் வளையத்தைத் திருகிக் கழற்றிவிட்டது. ஓடிப்போய் ஆற்றில் போட்டார். மகன் பார்க்கக் கூடாது. மகனுக்குச் சித்தப்பா பாறையிலிருந்து விழுந்தார் என்றுதான் தெரியும், அவன் அப்படியே இருக்கட்டும்.

பூர்கி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். நானும் பார்த்தேன் என்று சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. தொலைநோக்கியைப் பிரித்து நடுவளையத்தை எடுத்து மேஜையில் வெள்ளைத் துணிமேல் வைத்தாள். பக்கத்தில் தகர மூடியை வைத்தாள்.

"அத்தை, இங்க பாருங்க. இதுதான் குறிமுள். நான் புதுசா செஞ்சது. இது இருந்தாத்தான் குறி வைக்க முடியும். உங்க வீட்டுக்காரரோடதுல இது இல்ல. எல்லாத்தையும் அவரே அரம் போட்டு எடுத்திருக்கார், ரொம்பக் காலத்துக்கு முன்னாடியே."

மேனா அத்தைக்குப் புரியவில்லை. அவர் ஒரு தரம்கூடத் துப்பாக்கியால் குறி வைத்ததில்லை. குழலுக்குள் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பூர்கி வேறொரு வாடிக்கையாளரின் தொலைநோக்கியை எடுத்து வந்து அவரைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

"நடுவுல ஒரு கறுப்பு முள்ளு நிக்குது."

"இப்ப இதுல பாருங்க." வளையத்தைத் திரும்பப் போட்டுக் காஸியானின் குழலைக் கொடுத்தாள். சுவர்ப்பக்கமாகத் திருப்பித்தான் கொடுத்தாள், ஜன்னல்பக்கம் இல்லை.

மேனா அத்தை பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. வெறும் வட்டம்."

"அவ்வளவுதான் அத்தை. அவரு தம்பிய நோக்கி எதையும் நீட்டல. சும்மா பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்திருக்கார்."

அவர் குழலை மடியில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கறுப்பு வளையத்தின் மேலிருந்த சொரசொரப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, எங்களைக் கேட்காமலே ஜன்னலுக்குப் போனார். பூர்கி தடுக்கக் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள்.

அவர் பார்த்துவிட்டுக் குழலை இறக்கியபோது முகம் அமைதியாக இருந்தது.

"உப்புதான் வைக்கிறான்" என்றார். "மான் நக்குறதுக்கு."

அப்போது வெளியே வெண்டலினின் வண்டிச் சத்தம் கேட்டது. துப்பாக்கியை வாங்கிப் போக அன்று வருவதாகத்தான் பேச்சு. உள்ளே வந்தவன் அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டான். அவர் கையில் இருந்த குழலைப் பார்த்தான். மேனா அத்தை அவனை உட்காரச் சொன்னார். உன் சித்தப்பா பாறையிலிருந்து விழவில்லை என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை.

வெண்டலின் தொப்பியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"தெரியும்மா. ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போதே பசங்க சொல்லிட்டானுங்க. உங்கப்பன் உன் சித்தப்பனைச் சுட்டான்னு. அப்பாகிட்டயும் கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆமான்னு சொன்னாரு. அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாதன்னாரு."

மேனா அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது என்று அப்பாவும் மகனும், மகனுக்குத் தெரியாது என்று அம்மாவும் நினைத்து வாயை மூடிக்கொண்டு ஒரே மேஜையில் பார்லிக் கஞ்சி குடித்திருக்கிறார்கள். பிரசவ வலியில் கிடந்தபோதே மருத்துவச்சி தன்னிடம் சொல்லிவிட்டாள் என்றார் மேனா அத்தை. காஸியானுக்கு அது கடைசிவரை தெரியாது.

அப்புறம் ஏன் அந்தத் துப்பாக்கியோடே வேட்டைக்குப் போக நினைத்தாய் என்று பூர்கி வெண்டலினைக் கேட்டாள். அவன் யோசித்தான். அப்பா அந்த ஜன்னலில் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது என்றான். வேட்டை என்பது ஒரு சாக்கு. அம்மாவிடம் வேறு எப்படிச் சொல்லிக் கேட்பது?

பூர்கி தகர மூடியை அவன் பக்கம் தள்ளினாள். இதைப் பொருத்தித் தரட்டுமா, வேண்டாமா என்று கேட்டாள். வெண்டலின் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையை அசைத்தார். வேண்டாம் என்றான். பூர்கி மூடியிலிருந்த முள்ளை எடுத்துப் பழைய எஃகுத் துண்டுகள் போடும் டப்பாவில் போட்டாள். புதுக் கொக்கிக் காலுக்கும் கண் வளையத்துக்கும் மட்டும் கூலி வாங்கினாள்.

வெண்டலின் குழலை அங்கே வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவின் ஜன்னலில் நின்று பார்த்திருப்பான். என்ன தெரிந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷ வேட்டைக்கு ஆலையில் கூட வேலை பார்க்கிறவனின் துப்பாக்கியைக் கடன் வாங்கிப் போனான். இளைய மான் ஒன்றைச் சுட்டு, அதில் ஒரு தொடையை எங்களுக்கும் அனுப்பினான்.

அன்றிரவு பூர்கி என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, எனக்கு இதெல்லாம் தெரிந்தும் அவளை அந்தக் குழலில் கண் வைக்க விட்டேன் என்று கோபப்பட்டாள். நியாயமான கோபம். நீ பார்த்தது என் கண்ணுக்கும் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அது சமாதானமே இல்லை. அதன்பின் அவள் எந்தத் தொலைநோக்கியையும் பட்டறை ஜன்னல் வழியாகச் சோதிப்பதில்லை. தெருப்பக்கம் வந்து, தேவாலயக் கோபுரத்தில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவலைப் பார்த்துத்தான் சோதிக்கிறாள்.

வசந்தத்தில் பனி கரைந்ததும் வெண்டலினும் ஆலைக்காரர்களும் சரிந்த பாதையைத் திருத்தி மேலே ஏறினார்கள். குடிலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகையை நட்டார்கள். எங்கள் பக்கத்தில் மலையில் செத்தவர்களுக்கு அப்படி நடுவது வழக்கம், செத்த விதத்தையும் எழுதுவார்கள். அதில் மேனா அத்தை சொல்லிக்கொடுத்தபடி எழுதியிருந்தது: இங்கே மூடுபனியில் ரோமெட், மான்களுக்கு உப்பு வைத்தபோது, அவனை நேசித்த அண்ணன் காஸியானின் குண்டால் இறந்தான். இருவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். பாதிரியார் வந்து மந்திரித்தார். ஊரே ஏறி வந்தது. யாரும் யாரையும் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கீழே இறங்கும்போதுதான் கிழவர்கள் முதல்முறையாக அதைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள்.

மேனா அத்தை குழலைத் துப்பாக்கியில் மாட்டவே விடவில்லை. அது மாடி ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. தினமும் காலையில், காப்பிக்கு முன்னால், எடுத்துப் பார்ப்பார். வண்டியில் ஏறினால் இப்போது எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். வெயில், கோழி, மகன் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதது. வளைவு வந்தால் முகத்தைத் திருப்புவதில்லை. நேராகப் பார்ப்பார்.

அந்த நவம்பரில் ஒரு காலை, முதல் பனி விழுந்திருந்தது. வண்டியில் அவரும் நானும் மட்டும். வளைவு வந்தபோது, இன்று சந்தையில் முட்டைக்கோஸ் என்ன விலையோ என்று கேட்பது போன்ற குரலில் சொன்னார்:

"இப்ப ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேருமா உப்பு வைக்கிறாங்க."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தேன். பனி வழுக்கும் இடம் அது, கவனமாகத்தான் ஓட்ட வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும்போது, மூட்டையைப் பிடித்துவிடு வின்ஸ், கால் வழுக்குகிறது என்றார். இறங்கிப் பிடித்துவிட்டேன்.